சந்தை விலை, அணை நீர்மட்ட அட்டவணைகளைத் தானாகச் சேகரிப்பது எப்படி? தாமிரபரணிப் பாசன விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

வாழைத்தாரை வெட்டி வண்டியில் ஏற்றிய பிறகு விலை கேட்பதைவிட, வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே விலையின் போக்கைத் தெரிந்துகொண்டால் பேரம் பேச வசதியாக இருக்கும். இது எல்லா விவசாயிகளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் "நேற்று என்ன விலை, போன மாதம் இதே நாளில் என்ன விலை" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குக் கையில் கணக்கு இருப்பதில்லை. வியாபாரியிடம் இருக்கிறது. அவர் தினமும் எழுதி வைக்கிறார். பேரத்தில் அவர் கை ஓங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு இரகசியமானது அல்ல. அரசு இணையதளங்கள் தினமும் சந்தை விலையை அட்டவணையாக வெளியிடுகின்றன. அணை நீர்மட்டம், மழை அளவு ஆகியவையும் அப்படியே கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், பல பக்கங்களில் இன்றைய அட்டவணை மட்டுமே கண்ணில் படும். நாளை அந்த இடத்தில் புது அட்டவணை வந்துவிடும். சேர்த்து வைக்காதவருக்குப் பழைய எண்கள் எளிதில் கிடைப்பதில்லை. அந்த அட்டவணைகளைக் கையால் எழுதாமல், இலவச மென்பொருள் உதவியுடன் உங்கள் கணினியில் சேர்த்து வைக்கும் முறையை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். உங்களுக்குக் கணினிப் பழக்கம் இல்லையென்றால், கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ, உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவன ஊழியரோ இதை ஒரு நாள் மாலையில் அமைத்துத் தந்துவிடலாம்.

எந்த அட்டவணைகள் நமக்குத் தேவை?

முதலில் என்ன சேகரிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் சேகரிக்க ஆசைப்பட்டால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள்.

சந்தை விலை: மத்திய அரசின் வேளாண் சந்தை ஆய்வு இயக்ககம் நடத்தும் அக்மார்க்நெட் தளம் 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் உள்ள சந்தைகளின் வரத்தையும் விலையையும் வெளியிடுகிறது. தமிழ்நாட்டு உழவர் சந்தைகளின் விலையும் இதில் இடம்பெறுகிறது. இதே விலை விவரம் மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலும் (டேட்டா டாட் கவ் டாட் இன்) கிடைக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடக்கும் மின்னணு ஏல விவரம் 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட இ-நாம் தளத்தில் உள்ளது.

அணை நீர்மட்டம்: பாபநாசம் (முழுக் கொள்ளளவு 143 அடி), சேர்வலாறு (156 அடி), மணிமுத்தாறு (118 அடி) ஆகிய அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் தினமும் வெளியாகின்றன. உழவன் செயலியிலும் அணை நீர்மட்டம் பார்க்கலாம். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளின் கீழ் பாசனம் பெறும் எல்லோருக்கும் இந்த எண்கள் முக்கியம். ஜூன் தொடக்கத்தில் பாபநாசத்தில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பு தள்ளிப்போகிறது, சில ஆண்டுகளில் திறக்கப்படாமலே போகிறது. சென்ற ஆண்டுகளில் இதே தேதியில் எத்தனை அடி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தால், நாற்றங்கால் போடுவதா, குறுகிய கால ரகத்துக்கு மாறுவதா, உளுந்து போடுவதா என்று யோசிக்க உதவும்.

மழை அளவு: உங்களுக்கு அருகில் உள்ள மழைமானி நிலையத்தோடு, மலைப்பகுதி நிலையம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வரும் தண்ணீர் பொதிகை மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: ஒரு பயிர், இரண்டு சந்தை, ஒரு அணை. இது போதும்.

அட்டவணையை எடுக்கும் முன் பக்கத்தைப் பாருங்கள்

எல்லா இணைய அட்டவணைகளும் ஒரே மாதிரி இல்லை. எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தக் கருவி சரிப்படும் என்று தெரியும்.

முதல் வகை, பக்கத்தைத் திறந்தவுடன் அட்டவணை அப்படியே தெரிவது. இதை எடுப்பது மிகச் சுலபம்.

இரண்டாவது வகை, மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், தேதி என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து பொத்தானை அழுத்திய பிறகே அட்டவணை வருவது. விலைத் தளங்கள் பலவும் இப்படித்தான்.

மூன்றாவது வகை, பி.டி.எஃப். கோப்பாகவோ புகைப்படமாகவோ வருவது. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் இந்த வகை.

எந்த வகையாக இருந்தாலும், முதலில் பக்கத்தில் எக்ஸெல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக இறக்கும் பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வேறு எந்த வித்தையும் வேண்டாம். பத்துப் பதினைந்து வரி மட்டுமே உள்ள அட்டவணை, அதுவும் வாரத்துக்கு ஒரு முறை போதும் என்றால், சுட்டியால் அட்டவணை முழுவதையும் தேர்வு செய்து நகலெடுத்து எக்ஸெலில் ஒட்டினாலே கட்டங்கள் கலையாமல் வந்துவிடும். தினமும் எடுக்க வேண்டும், பல சந்தைகள் வேண்டும் என்னும்போதுதான் தானியங்கி முறை தேவைப்படுகிறது.

முறை 1: கூகுள் ஷீட்ஸ்

முதல் வகைப் பக்கங்களுக்கு ஏற்றது. இலவசம். கூகுள் கணக்கு இருந்தால் போதும். கைப்பேசியிலும் பார்க்கலாம்.

1. கூகுள் ஷீட்ஸில் புதிய தாள் ஒன்றைத் திறக்கவும்.
2. அட்டவணை உள்ள இணையப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்துக்கொள்ளவும்.
3. தாளின் முதல் கட்டத்தில் சமக்குறி இட்டு, 'இம்போர்ட்ஹெச்டிஎம்எல்' என்ற சூத்திரத்தை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்யவும். 'இம்போர்ட்' என்று தொடங்கும்போதே ஷீட்ஸ் முழுப்பெயரைக் காட்டும், அதைத் தேர்வு செய்தால் போதும்.
4. அடைப்புக்குறிக்குள் மூன்று விவரங்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுக்கவும். முதலாவது, பக்கத்தின் முகவரி (இரட்டை மேற்கோள் குறிக்குள்). இரண்டாவது, 'டேபிள்' என்ற ஆங்கிலச் சொல் (இதுவும் மேற்கோள் குறிக்குள்). மூன்றாவது, பக்கத்தில் எத்தனையாவது அட்டவணை என்ற எண்.
5. எண் 1 கொடுத்துத் தேவையான அட்டவணை வரவில்லை என்றால் 2, 3 என்று மாற்றிப் பாருங்கள். பக்கத்தின் தலைப்புப் பட்டியல்கூடச் சில நேரம் அட்டவணையாகக் கணக்கில் வந்துவிடும்.

தாள் திறந்திருக்கும்போது ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை இது தானே புதுப்பித்துக்கொள்ளும். இரண்டாவது வகைப் பக்கங்களில் இது பெரும்பாலும் வேலை செய்யாது, 'பிழை' என்று காட்டும். சில அரசுத் தளங்கள் வெளியிலிருந்து வரும் இத்தகைய தானியங்கி வேண்டுகோளை ஏற்பதில்லை. அப்போது சூத்திரத்தில் தவறு தேடி நேரத்தை வீணாக்காமல் அடுத்த முறைக்குப் போய்விடுங்கள்.

முறை 2: எக்ஸெல்

எக்ஸெல் 2016 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள கணினியில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

1. மேலே 'டேட்டா' பகுதிக்குச் சென்று 'ஃப்ரம் வெப்' என்பதை அழுத்தவும்.
2. இணைய முகவரியை ஒட்டி 'ஓகே' கொடுக்கவும்.
3. 'நேவிகேட்டர்' என்ற சாளரம் திறக்கும். அந்தப் பக்கத்தில் உள்ள அட்டவணைகள் இடப்புறம் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் அழுத்தினால் வலப்புறம் மாதிரி காட்டும்.
4. தேவையானதைத் தேர்வு செய்து 'லோட்' கொடுத்தால் தாளில் வந்து அமரும். தேவையற்ற சந்தைகளை நீக்கிவிட்டு எடுக்க வேண்டுமென்றால் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுத்து, உங்கள் மாவட்டம், உங்கள் பயிர் மட்டும் வரும்படி வடிகட்டலாம். இந்த வடிகட்டலை ஒருமுறை செய்தால் போதும், எக்ஸெல் நினைவில் வைத்துக்கொள்ளும்.
5. மறுநாள் கோப்பைத் திறந்து 'ரெஃப்ரெஷ் ஆல்' அழுத்தினால் அன்றைய எண்கள் வந்துவிடும்.

இந்த இரண்டு முறைகளிலும் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். புதுப்பிக்கும்போது பழைய எண்கள் அழிந்து புதிய எண்கள் அந்த இடத்தில் வந்துவிடும். நமக்குத் தேவையானதோ பழைய கணக்கு. ஆகவே 'சேமிப்பு' என்று இன்னொரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் புதுப்பித்தவுடன் அன்றைய வரிகளை நகலெடுத்து, சேமிப்புத் தாளின் கடைசி வரிக்குக் கீழே 'மதிப்புகள் மட்டும்' என்ற முறையில் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. இதையும் தானாகச் செய்யச் சிறு நிரல் எழுதலாம். கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு அது கடினமான வேலை அல்ல.

முறை 3: பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்

மாநிலம், மாவட்டம், தேதி என்று தேர்வு செய்த பிறகே அட்டவணை வரும் பக்கங்களுக்கு இது ஏற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இந்த மென்பொருள் விண்டோஸ் 11 கணினியில் உடன் வருகிறது. விண்டோஸ் 10 பயனாளர்களுக்கு 2021 மார்ச் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் சுட்டியாலும் விசைப்பலகையாலும் செய்யும் வேலைகளை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், பிறகு அதே வரிசையில் தானே செய்யும்.

1. மென்பொருளைத் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையவும். எட்ஜ் அல்லது குரோம் உலாவிக்கான துணை நிரலை அது கேட்கும். நிறுவிக்கொள்ளவும்.
2. 'புதிய ஃப்ளோ' ஒன்றை உருவாக்கி, "எள் விலை", "ஏத்தன் விலை" என்று உங்களுக்குப் புரியும் பெயர் வைக்கவும்.
3. முதல் கட்டளையாக உலாவியைத் திறந்து விலைப் பக்கத்துக்குச் செல்லும் செயலைச் சேர்க்கவும்.
4. அடுத்து, மாநிலம், மாவட்டம், விளைபொருள் ஆகியவற்றைத் தேர்வு செய்யும் செயல்களையும், பொத்தானை அழுத்தும் செயலையும் வரிசையாகச் சேர்க்கவும்.
5. அட்டவணை வர நேரமாகும். ஆகவே சில விநாடி காத்திருக்கும் செயலை இடையில் சேர்க்கவும். கிராமப்புற இணைய வேகத்துக்கு 10 விநாடி வைப்பது நல்லது.
6. 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா ஃப்ரம் வெப் பேஜ்' என்ற செயலைச் சேர்க்கவும். அதன் சாளரம் திறந்திருக்கும்போதே உலாவிக்குச் சென்று, அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தின் மேல் வலது சொடுக்குச் செய்தால், முழு அட்டவணையையும் எடுக்கும் தேர்வு வரும். அதைக் கொடுக்கவும்.
7. அட்டவணை பல பக்கங்களாக இருந்தால், 'அடுத்த பக்கம்' என்ற பொத்தானின் மேல் வலது சொடுக்குச் செய்து அதைப் 'பேஜர்' என்று குறிக்கவும். இதை விட்டுவிட்டால் முதல் பக்கம் மட்டுமே வரும், மீதிச் சந்தைகள் விடுபட்டுப்போகும்.
8. கடைசியில் எக்ஸெல் தாளில் சேமிக்கும்படி அமைத்து, ஒருமுறை இயக்கிப் பார்க்கவும்.

இலவசப் பதிப்பில் தினமும் நீங்கள்தான் 'ரன்' பொத்தானை அழுத்த வேண்டும். நேரம் குறித்துத் தானே இயங்க வைக்கக் கட்டணம் கேட்பார்கள். நமக்கு அது தேவையில்லை. தளத்தின் அமைப்பை மாற்றும்போது இந்த ஃப்ளோ நின்றுவிடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். அப்போது 4, 6 ஆகிய படிகளை மட்டும் மீண்டும் செய்தால் போதும்.

முறை 4: திறந்த தரவுத் தளம்

அக்மார்க்நெட் விலையை மட்டும் எடுப்பவர்களுக்கு உண்மையில் இதுவே நேர்வழி. மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் அன்றாடச் சந்தை விலை என்ற தொகுப்பு உள்ளது. மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், ரகம், தரம், தேதி, குறைந்த விலை, அதிக விலை, பெருவாரி விலை என்ற தலைப்புகளில் அட்டவணை வரும். சி.எஸ்.வி. கோப்பாக இறக்கலாம். பதிவு செய்துகொண்டால் உங்களுக்கென்று ஒரு திறவுகோல் எண் தருவார்கள். அதை வைத்து எக்ஸெலின் 'ஃப்ரம் வெப்' வழியாகவே தினமும் எடுக்கலாம். பதிவு செய்யாமல் அங்கே காட்டியிருக்கும் மாதிரித் திறவுகோலைப் பயன்படுத்தினால் 10 வரிதான் வரும். "நம்ம மாவட்டம் வரவே இல்லையே" என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

புகைப்படமாக வரும் பட்டியலுக்கு என்ன செய்வது?

பி.டி.எஃப். கோப்பு என்றால், புதிய எக்ஸெல் பதிப்பில் 'டேட்டா' பகுதியிலேயே பி.டி.எஃப்.-இலிருந்து அட்டவணை எடுக்கும் வசதி உள்ளது. வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படம் என்றால், கைப்பேசியில் உள்ள எக்ஸெல் செயலியில் படத்திலிருந்து தரவு எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். படம் நேராக, தெளிவாக இருக்க வேண்டும். எண்களை எடுத்த பிறகு கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். 3 என்பது 8 ஆகவும், 1 என்பது 7 ஆகவும் மாற வாய்ப்பு உண்டு. தமிழில் அச்சிட்ட காய்கறிப் பெயர்களை அதனிடம் விடாமல் நீங்களே தட்டச்சு செய்துகொள்ளுங்கள். பெயர் வரிசை தினமும் ஒன்றுதான் என்பதால் ஒரு முறை செய்தால் போதும்.

எடுத்த எண்களைச் சரிபார்ப்பது எப்படி?

மென்பொருள் எண்ணை எடுத்துத் தரும். அது சரியா என்று பார்ப்பது நம் பொறுப்பு. கீழ்க்கண்ட ஆறு விஷயங்களைக் கட்டாயம் கவனியுங்கள்.

அலகு: அக்மார்க்நெட் விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. நம் ஊரில் வாழைக்குத் தார் கணக்கு, நெல்லுக்கு மூட்டைக் கணக்கு, சில கிராமங்களில் இன்னும் கோட்டைக் கணக்கு. எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றி ஒரே அலகில் எழுதுங்கள்.

பெருவாரி விலை: குறைந்த விலை, அதிக விலை, பெருவாரி விலை என்று மூன்று இருக்கும். பெருவாரி விலை என்பது அன்று அதிகப்படியான சரக்கு எந்த விலைக்குப் போனதோ அந்த விலை. உங்கள் கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிக விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது ஒரு சில நல்ல தாருக்கோ மூட்டைக்கோ கிடைத்த விலையாக இருக்கலாம்.

சந்தை வகை: பாளையங்கோட்டை உழவர் சந்தை விலையையும், நயினார்குளம் மொத்தச் சந்தை விலையையும், பாவூர்சத்திரம் விலையையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது. உழவர் சந்தை விலை, மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் நிர்ணயிக்கப்படுவது. அங்கே நீங்களே உட்கார்ந்து கிலோ கணக்கில் விற்க வேண்டும். ஒரு வண்டிச் சரக்குக்கு அந்த விலையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தேதி: இந்தியத் தளங்களில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. உங்கள் கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05/06 என்பதை ஜூன் 5 என்று எடுக்காமல் மே 6 என்று எடுத்துவிடும். 13-ஆம் தேதி முதல் தேதியாகவே ஏற்காது. வரைபடம் தாறுமாறாகத் தெரிந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். கணினியின் பிராந்திய அமைப்பை இந்தியா என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊர்ப் பெயர்: திருநெல்வேலியை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். எழுத்து மாறினால் கணினிக்கு அது வேறு ஊர். மேலும் தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சங்கரன்கோவில், தென்காசிச் சந்தை விவரங்களைத் தேடுபவர்கள் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழும் பார்க்க வேண்டும்.

விடுபட்ட நாள்: சந்தை விடுமுறை, தகவல் ஏற்றாத நாள் ஆகியவற்றுக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் சராசரி விழுந்துவிடும். முந்தைய நாள் விலையை இழுத்து நிரப்புவதும் தவறு.

கணக்கை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு உதாரணம் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டுமே. அருகில் உள்ள சந்தையில் ஏத்தன் வாழை குவிண்டால் ரூ.2,800, தூரத்துச் சந்தையில் ரூ.3,150 என்று உங்கள் அட்டவணை காட்டுகிறது. கிலோவுக்கு ரூ.3.50 கூடுதல். உங்களிடம் 1,500 கிலோ சரக்கு என்றால் கூடுதல் வரவு ரூ.5,250. தூரத்துக்குப் போகக் கூடுதல் வண்டி வாடகை ரூ.3,000, கூடுதல் ஏற்று இறக்குக் கூலி ரூ.800 என்றால் மீதி ரூ.1,450. வழியில் 2 சதவீதம் அடிபட்டால் 30 கிலோ போச்சு, அதன் மதிப்பு ரூ.945. கையில் நிற்பது ரூ.505. ஒரு நாள் அலைச்சலுக்கு இது போதுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு சந்தைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாள் மட்டும் இருந்ததா, இரண்டு வாரமாகத் தொடர்கிறதா என்பதையும் சேமிப்புத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தை நம்பி வண்டி ஏற்றக் கூடாது. நீங்கள் போய்ச் சேருவதற்குள் மற்றவர்களும் அங்கே போயிருப்பார்கள்.

நெல்லுக்கு வேறு மாதிரி. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் ரூ.2,369, சன்ன ரகம் ரூ.2,389. தமிழக அரசின் ஊக்கத்தொகையுடன் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் முறையே ரூ.2,500, ரூ.2,545. களத்துக்கு வரும் வியாபாரி "75 கிலோ மூட்டை 1,700 ரூபாய்" என்று கேட்டால், அது குவிண்டாலுக்குச் சுமார் ரூ.2,267. வித்தியாசம் ரூ.233. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் உலர்த்தும் கூலி, காத்திருக்கும் நாள், மழை பயம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுக்கலாம். இந்த மாற்றுக் கணக்கை ஒரு சூத்திரமாகத் தாளிலேயே போட்டு வைத்தால், வியாபாரி விலை சொல்லும்போதே கைப்பேசியில் பார்த்துவிடலாம்.

விலையின் போக்கைப் பார்க்க அன்றாட எண்ணைவிட 7 நாள் சராசரி நல்லது. கடைசி 7 நாள் பெருவாரி விலையின் சராசரியை ஒரு தனி வரிசையில் போட்டு, அதை வரைபடமாக்குங்கள். வரத்து அளவு கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். வரத்து கூடி விலை இறங்குவது இயல்பு. வரத்து குறைந்தும் விலை இறங்கினால் வாங்கும் பக்கம் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள், சந்தையில் விசாரியுங்கள்.

அணை நீர்மட்டத்துக்கும் இதே முறைதான். ஆனால் வெள்ளக் காலத்தில் உங்கள் தாளை நம்பிக் கரையோர வயலுக்கு இறங்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் நிலைமை மணிக்கு மணி மாறும். காலை 8 மணிக்கு எடுத்த அட்டவணை 10 மணிக்கே பழையதாகிவிடும். மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கையை மட்டுமே பின்பற்றுங்கள்.

செய்யக் கூடாதவை

* ஒரு தளத்தை நிமிடத்துக்கு நூறு முறை அழைக்கும்படி மென்பொருளை அமைக்காதீர்கள். சேவையகம் திணறும், உங்கள் இணைப்பையும் தடை செய்துவிடுவார்கள். விலைக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை போதும்.
* தளத்தின் பயன்பாட்டு விதிமுறைகளைப் படியுங்கள். திறந்த தரவுத் தளத்தில் உள்ள அரசுத் தரவுகளை, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். தனியார் விலைத் தளங்களின் பட்டியலை எடுத்து அப்படியே மறுபடி வெளியிடுவது சரியல்ல.
* பயனாளிகள் பட்டியல், பெயர், கைப்பேசி எண், வங்கி விவரம் அடங்கிய அட்டவணைகளை எடுக்கவே வேண்டாம். மற்றவர்களின் சொந்த விவரத்தைச் சேகரிப்பது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் கீழ் சிக்கலில் கொண்டுபோய் விடும்.
* "சந்தை விலை தானாக வரும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளை நிறுவாதீர்கள். அரசுத் திட்டங்களின் பெயரிலேயே போலிச் செயலிகள் உலவுகின்றன. விலை பார்க்க ஓ.டி.பி., ஆதார் எண், வங்கிக் கணக்கு எதுவும் தேவையில்லை.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

"கணினி இல்லை, போன் மட்டும்தான் இருக்கு. முடியுமா?"
கூகுள் ஷீட்ஸ் முறை போனிலும் வேலை செய்யும். பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் கணினி வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ ஆர்வலர் குழுவிலோ ஒரு கணினி இருந்தால் போதும். ஒருவர் எடுத்து, "இன்று ஏத்தன் இவ்வளவு, 7 நாள் சராசரி இவ்வளவு, பாபநாசம் இவ்வளவு அடி" என்று தினமும் ஒரு வரி குழுவில் போட்டால் எல்லோருக்கும் பயன்.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே?"
விளைபொருள் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் வரும். பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டு அட்டவணையை எடுக்காதீர்கள், பெயர்கள் விநோதமாக மாறிவிடும். மூலப் பக்கத்திலிருந்தே எடுத்து, உங்கள் தாளில் ஆங்கிலப் பெயருக்கு எதிரே தமிழ்ப் பெயர் எழுதிய சிறு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த விலையைக் காட்டினா வியாபாரி கொடுத்துருவாரா அண்ணாச்சி?"
கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆதரவு விலையில் எடுக்கும் கொள்முதல் நிலையம் தவிர மற்ற இடங்களில் இது பேரத்துக்கான ஆதாரம் மட்டுமே. ஆனால் 30 நாள் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவரிடம் "சந்தை விழுந்துபோச்சு" என்று சும்மா சொல்லிவிட முடியாது.

"எத்தனை நாள் சேர்த்தால் பயன் தெரியும்?"
ஒரு மாதத்தில் பேரத்துக்கு உதவும். ஒரு முழு ஆண்டு சேர்த்தால் எந்த மாதத்தில் வரத்து குவிகிறது என்பது தெரியும். வாழைக் கன்று நடும் தேதியை அதற்கேற்ப முன்பின் மாற்றலாம். இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தால் கார், பிசானத் திட்டமிடலுக்கு நல்ல துணை.

எங்கே தொடங்குவது?

இந்த வாரமே உங்கள் முக்கியப் பயிர் ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். அடுத்த அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை நாளும் தினம் ஒரு வரி சேர்ந்தால், அறுவடை அன்று உங்கள் கையில் முழுக் கணக்கு இருக்கும். முதல் ஒரு வாரம் மென்பொருள் எடுத்த எண்ணையும் இணையப் பக்கத்தில் உள்ள எண்ணையும் கண்ணால் ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் பிறகு வாரம் ஒருமுறை ஒப்பிட்டால் போதும். சேமிப்புத் தாளின் நகல் ஒன்றை மாதந்தோறும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் விவரம் தேவைப்படுவோர் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, வேளாண் வணிகத் துறை அலுவலர்களையோ, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். பயிர், சந்தை தொடர்பான சந்தேகங்களுக்கு விவசாயிகள் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.